அலகு குத்தின மெசின்

ஸ்னோ புளோவர் ஆயிரத்து எண்ணூறு டொலர்.
வரி தனி.
கடைக்காரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு
கார்க் கண்ணாடி கழுவுகிற தண்ணி ஒரு கான்
வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

கராஜுக்குள் நின்றது அது.
முன்வீட்டு மொனிக் வீடு விற்றுப் போகையில்
முந்நூறுக்குத் தந்த,
ஏறியிருந்து ஓட்டுகிற புல்லு மெசின்.
ஐப்பசியோடு வேலை முடிந்து
ஆறு மாத லீவில் போய்விடும்.
சட்பரியில் வேறு ஆருக்குக் கிடைக்கும்
அப்படி ஒரு லீவு?

நான் வெல்டர்.
சுரங்கத்துக்குப் போகிற இரும்பு வாளிகளின்
வாய் ஒட்டுகிறவள்.
நீலப் பீப்பா ஒன்றை நெடுக்காகக் கிழித்தேன்.
ஊறுகாய் வந்த பீப்பா,
வெட்ட வெட்ட வினாகிரி மணத்தது.
பாதியை எடுத்து, கீழ்விளிம்புக்கு
இரும்புப் பட்டை ஒன்று,
முன்னுக்குத் தாங்க இரண்டு கை,
இழுத்தால் எழும்ப, விட்டால் விழ
ஒரு சங்கிலி.
வயிற்றுக்குள் கிடந்த வெட்டுத் தட்டைக் கழற்றிச்
சுவரோடு சாய்த்தேன்.
கடைசியாய் வெட்டின புல்
அதில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

முகத்துக்குக் குறுக்கே நீலத்தோடு
அது நின்ற நிலையைப் பார்த்து
விமலாகரன் கும்பிட்டார்.
"அலகு குத்தியாச்சு.
இனிக் காவடி ஆடவேண்டியதுதான்."

ஆடத்தான் செய்தது.
பின்சில்லு சுழன்று சுழன்று
நின்ற இடத்தில் நின்று ஆடியது.
பாரம் காணாது என்றேன்.
இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டை
ஏற்றிக் கட்டினோம்.
அதுவும் காணாது.
கடைசியில் இவரே ஏறிப் பின்னுக்கு நின்றார்.
தொண்ணூற்றிரண்டு கிலோ,
குளிருடுப்போடு இன்னும் நாலு.
மெசின் ஒருதரம் முனகிவிட்டு
முன்னுக்குப் போனது.
கல்யாணம் கட்டிப் பதினொரு வருசத்தில்
அவருடைய வண்டி
ஒரு வண்டியைத் தள்ளினது
அன்றைக்குத்தான்.

பிறகு சில்லுக்குச் சங்கிலி வந்தது.
மெல்லிய ஒயில் வந்தது.
பேட்டரியை ஒவ்வொரு இரவும் கழற்றி
வீட்டுக்குள் கொண்டுவந்து
சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தோம்.
விடிய ஐந்து மணிக்கு அதை எழுப்பி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
கராஜுக்கு நடப்பேன்.

தை மாதம், மைனஸ் முப்பத்தொன்று.
முழங்கால் அளவு பனி.
ஐம்பது நிமிடத்தில்
வாசல் தொடக்கம் ரோட்டு வரைக்கும்
கறுப்புத் தார் தெரிந்தது.
விமலாகரன் போன் எடுத்துப் படம் பிடித்தார்.
படம் பிடித்த கையோடு வந்தது
மாநகரசபையின் லொறி.
தன் பெரிய அலகால் தெருவை வழித்து
எங்கள் வாசல் வாயில்
இடுப்புயர வரம்பு கட்டிவிட்டுப் போனது.
ஓட்டினவன் கை அசைத்தான்.
நானும் அசைத்தேன், பழக்கதோசம்.

அது பனியில்லை, கல்.
இரண்டுதரம் மோதினேன்.
மூன்றாவதில் பெல்ட் அறுந்தது.
மெசின் இரைகிறது, அசையவில்லை.
நிப்பாட்டினேன்.
தெருவில் ஒரு சத்தமும் இல்லை.
கராஜ் மூலையில் இரண்டு சவள் இருந்தன.
ஒன்றை அவர் எடுத்தார்.
பெரியதை நான் எடுத்தேன்.

வைகாசியில் பனி போனபிறகு
நாங்கள் செய்த வேலை வெளியே வந்தது.
தாரை விட்டு விலகின இடமெல்லாம்
புல் தோலாய் உரிந்து
மூலையில் பாய் சுருட்டினமாதிரிக் கிடந்தது.
நாய்க்குப் போட்டுத் தொலைந்த பந்து,
ஒற்றைக் கையுறை,
ஒரு கூடை சரளைக்கல்,
எல்லாம் அதற்குள்.
புல்விதை ஒரு பை நாற்பத்தேழு டொலர்.
வரி தனி.

அலகைக் கழற்றி, தட்டைப் பூட்டி,
மிச்சமிருந்த புல்லை வெட்டப் போனேன்.
அரிசி மூட்டைகள் எப்போதோ இறங்கிவிட்டன.
குளிரில் கிடந்ததில் வண்டு ஒன்றுமில்லை,
சோறும் நல்லாய் வந்தது.

இப்போது பாரம் தேவையில்லை.
சொன்னேன்.
என்றாலும் பின்னுக்கு ஏறி நின்றார்.