தனிநிலை

க்ளாஸ்கோவில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
பல் மருத்துவமனைக்கு மேலே ஒரு வாடகை அறை.
மூன்றே முக்காலுக்கு
நுசைபாவின் திரையில் ஒரு பெட்டி திறந்தது.
பெயர்: வேண்டாம்.
வயது: பத்தொன்பது.
இன்றைய மனநிலை, ஒன்றிலிருந்து பத்துக்குள்?
என்று கேட்டது செயலி.
பத்துக்குள் இல்லை, என்றான்.

குளியலறையில் இருக்கிறானாம்.
குழாயைத் திறந்துவிட்டிருக்கிறானாம்,
ஒளு எடுப்பதாக வீடு நினைக்கட்டும் என்று.
சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன்,
டாக்சி ஓட்டிவிட்டு வந்து படுத்தவன்.

"மாத்திரை பகலிலும் உண்டு.
ஆறு நோன்பு போய்விட்டது.
மாலையில் எல்லோரோடும் உட்கார்ந்து
பேரீச்சம்பழத்தை
பசித்தவன் மாதிரி எடுக்கிறேன்.
நோயைக்கூடத் தாங்கிவிடலாம்."

நுசைபா பயிற்சியில் படித்த வாக்கியத்தைத் தட்டினாள்.
அழித்தாள்.
ஓர் ஆயத்தைத் தட்டினாள்.
அதையும்.
வெள்ளிதோறும் யாராவது அனுப்பியிருப்பார்கள்
ரோஜாப்பூ படத்தோடு.

நோயாளிக்குச் சலுகை உண்டே, என்று மட்டும் எழுதினாள்.

"தெரியும். மாமாவுக்குச் சர்க்கரை.
நடுப்பகலில் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள்.
என்னிடம்
எங்கே வலிக்கிறது, காட்டு என்பார்கள்."

பிறகு மூன்று புள்ளிகள்.
எழுந்தன, அடங்கின, எழுந்தன.

நான் இதை எழுதும் மொழியில்
மூன்று புள்ளிக்கு ஓர் எழுத்து இருக்கிறது.
உயிரோடும் சேராது, மெய்யோடும் சேராது.
நுசைபாவுக்கு அது தெரியாது.
அவள் நிமிடங்களை எண்ணினாள்.
நான்கு.

"செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?"
கேட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்,
அவை வேறெதையும் தட்டிவிடாதபடி.

"தோன்றியது.
யாரும் இப்படிக் கேட்டதில்லை.
குழாயை மூடிவிட்டேன்."

அடுத்தது உடனே வந்தது:
"அண்ணன் கதவுக்கு வெளியே நிற்கிறான்.
இவ்வளவு நேரம் தண்ணீர்ச் சத்தத்தில் தூங்கியவன்
அது நின்றதும் எழுந்துவிட்டான்.
திறக்கவா?"

நுசைபா எழுதினாள்: நான் இங்கேதான் இருக்கிறேன்.

புள்ளிகள் இல்லை.
மழை இருந்தது.
கீழே பால் வண்டி ஒன்று பின்னால் நகர்ந்து
பீப் பீப் என்றது.
தேநீர் ஆறி மேலே ஆடை கட்டியது.
மேற்பார்வையாளரின் எண்ணை எடுத்து வைத்தாள்.

பதினொரு நிமிடம் கழித்து:

"ஃபஜ்ருக்கு இன்னும் அரைமணி இருக்கிறது.
அவனுக்கு டோஸ்ட் போடத் தெரியாது.
கருக்கிவிட்டான்.
எதுவும் கேட்கவில்லை, அழுகிறான்.
நான்தான் இப்போது
அவனுக்கு என்ன சொல்வது?"

அந்தப் புள்ளிகள் மூன்றும்
ஒரு பகரத்தின் தோளில் ஒண்டி நின்றன,
விடியலின் முதல் எழுத்தாக.

நுசைபா தட்டினாள்:
முதலில் அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள்.