எந்தத் தரை

விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்வி:
வீட்டில் பயிற்சி செய்யும் தரை எவ்வகையானது?
மரம். ரப்பர். வேறு.
'வேறு' என்பதற்குச் சரி போட்டேன்.
பக்கத்தில் எழுத இரண்டு அங்குலம்தான் விட்டிருந்தார்கள்.

வீட்டுத்திட்டத்துச் சீமெந்து.
முன்னறை மட்டும் பூசியது, பின்னறை இன்னும் கிரவல்.
மூலையில் விரல் நுழையும் வெடிப்பு,
அதற்குள் எறும்பு.
பிடித்துக்கொள்ளும் கம்பி, யன்னல் நிலை.
யன்னல் இன்னும் வரவில்லை,
அதனால் ஒரு காலைத் தூக்கினால்
பாதம் வீட்டுக்கு வெளியே போய்
ஒலுமடு வெயிலில் நிற்கும்.
'சீமெந்து' என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு பாலே பள்ளிகள் கூப்பிட்டிருக்கின்றன.
கொழும்பு என்றால் பாதிக் கட்டணம்,
மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை
மாங்குளத்தில் ரயிலால் இறங்கலாம்.
பெங்களூர் என்றால் எல்லாம் இலவசம்,
விசாவும் விமானமும் தவிர.
வருடத்துக்கு ஒருக்கால் வீடு.
படத்தில் நாலு சுவரும் கண்ணாடி.
எங்கள் அலுமாரிக் கண்ணாடி இடுப்போடு முடிகிறது.
என் கால்களை நான்
குனிந்துதான் பார்த்திருக்கிறேன்.
குனியக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.

கிளிநொச்சி மண்டபத்தில் தேர்வு.
வந்த பெண் பாதத்தை அளந்தா,
கணுக்காலைத் திருப்பினா,
கெண்டைக்கால் தழும்பில் விரலை வைத்து
அறுவைச் சிகிச்சையா என்று கேட்டா.
இல்லை, நாலு மாதக் குழந்தையில், என்றேன்.
மொழிபெயர்க்க வந்த அண்ணா
இங்கிலீசில் நீளமாய் என்னவோ சொன்னார்.
அவ்வளவு நீளமாய் நான் சொல்லவில்லை.

அம்மா விடிய நாலரைக்கு
அம்பகாமம் போகும் வாகனத்தில் ஏறுவா.
ஒரு மீற்றர் அகலப் பாதை,
இரு பக்கமும் சிவப்புத் தடி.
முழங்காலில் இருந்து
விரல் விரலாய் மண்ணை வழிப்பா.
அம்மா குதிப்பதில்லை,
கோழி கலைக்கும்போதுகூட.
நான் குதித்தால், மெல்லமா இறங்கு, என்பா.
தேர்வுக்கு வந்த பெண்ணும் அதையேதான் சொன்னா,
வேறு காரணத்துக்கு.

சித்தப்பா ஓ.எல். முடியட்டும் என்கிறார்.
தமிழ்விழிக்கு ஒன்றுதான் தெரியவேண்டும்:
ஆம்பிளைப் பொடியள் தூக்குவினமாமோ?
எனக்குத் தெரியவேண்டியவை விண்ணப்பத்தில் இல்லை.
இரவில் விளக்கை யார் அணைப்பது?
சோற்றை அளந்தா போடுவார்கள்?
அந்த நாட்களிலும் வெள்ளை உடுப்புத்தானா?
பதினேழு வயதில் உயரம் கூடிவிட்டால்
திருப்பி அனுப்புவார்களா, எந்த வகுப்புக்கு?

நேற்றிரவு இரண்டு புத்தகத்தையும்
அம்மா குப்பி விளக்கடியில் பார்த்தா,
மின்சாரம் போன நேரம்.
கண்ணாடியைப் பார்க்கவில்லை,
உடுப்பைப் பார்க்கவில்லை.
பெங்களூர்த் தரையில் விரல் நின்றது.
இதுக்கு அடியில என்ன?
ஒன்றுமில்லையம்மா. பலகைக்குக் கீழே வெறும் இடம்.
விழுந்தால் தரை கொஞ்சம் தாழ்ந்து குடுக்குமாம்.
ஒண்டுமில்லையோ?
காத்து மட்டும்.
அந்தப் பக்கத்தையே கனநேரம் பார்த்திருந்துவிட்டு
அப்ப அங்க போ, என்று
படுக்கப் போய்விட்டா.

எனக்கு அந்த ரயில்தான் விருப்பமாயிருந்தது.
சொல்லவில்லை.
மாங்குளத்தில் அது இரண்டு நிமிடம் நிற்கும்.

விடிய எழும்பினால்
கையெழுத்து வைத்த தாள் மேசையில்,
அம்மாவின் பெயர் கோட்டுக்கு வெளியே ஓடாமல்.
கொழும்புக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.
அதன் பின்பக்கத்தில் தம்பி அகரன்
கணக்குச் செய்து வைத்திருக்கிறான்:
விசா, ரிக்கற், பெட்டி,
ஒரு சோடிச் சப்பாத்து எத்தனை கிழமைக்கு.
கூட்டல் பிழை.
மூவாயிரம் குறைவாய் வருகிறது.
திருத்தாமல் மடித்து வைத்தேன்.