பதினாலு நாள் இடைவெளி

பூஜ்யம் முதல் ஐந்து வரை,
ஏதாவது ஒன்றில் வட்டம் போடுங்கள், செவெரினோ.
மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?

யோசிக்கவே இல்லை. பூஜ்யம்.
புறங்கையில் தோலுக்கடியில் தங்கிவிட்ட
நீலக் கரிக்கோடு அசைய,
சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி
நிதானமான வட்டம்.

பொய் என்று சொல்லமுடியாது.
கட்டிலைக் கீழே இறக்கி இரண்டு வருஷமாகிறது.
ஏறாத படியில் யாருக்கு மூச்சு வாங்கும்?

இந்த ஊரில் ஆப்பிள் மதுவைத்
தலைக்கு மேல் கை தூக்கி ஊற்றவேண்டும்.
நுரைத்தால்தான் அது மது.
அவர் இப்போது நெஞ்சளவிலிருந்து ஊற்றுகிறார்.
"தெறித்தால் சட்டை பாழ்" என்கிறார்.
பழைய சட்டை.

பதினாலு நாள் கழித்து
அதே தாள், அதே நாற்காலி, அதே நான்.
விடை மாறாமலிருந்தால்
கேள்வியை நம்பலாம் என்பது எங்கள் ஆய்வு.

மாடிப்படி?
நாலு.

ஊதச் சொன்னேன். ஊதினார்.
கருவி போனமுறை சொன்ன எண்ணையே சொன்னது.
உடம்புக்கு ஏதாவது ஆனதா?
"ஒன்றுமில்லையே.
போனமுறை கொவடோங்கா கூட வந்திருந்தாள்.
மகள் கேட்க நாலு என்று சொல்வேனா?"

அடுத்து ஒனோரினா.
இருமல் ஐந்து, தூக்கம் ஐந்து, களைப்பு ஐந்து.
"ஆறு கிடையாதா?"
கிடையாது, அம்மா.
விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றைந்து என்கிறது.
பகல் பதினொரு மணிக்கு,
பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கையில்,
தொண்ணூற்றைந்து.
ராத்திரி மூன்றுக்கு அந்த வீட்டில்
யார் மாட்டிப் பார்த்தார்கள்?

இன்னொருவர், பெயர் வேண்டாம்,
எல்லாவற்றுக்கும் இரண்டு.
எப்படி இருக்கிறீர்கள் என்றால்
"ஏதோ இழுத்துக்கிட்டு ஓடுது."
இழுப்பது எனக்கே கேட்கிறது, கதவு வரை.

மாலையில் தாள்களை அடுக்கிவிட்டு
ஜன்னலுக்கு வந்தேன்.
செவெரினோ மேட்டில் போய்க்கொண்டிருந்தார்.
பாலத்தில் நின்றார். ஆறு பார்க்கிறாராம்.
கரி கழுவி எழுபது வருஷம் கறுத்தோடிய தண்ணீர்
இப்போது மீன் தெரியத் தெளிந்திருக்கிறது, சரி, பார்க்கட்டும்.
சுவரில் ஒட்டிய இறப்பு அறிவிப்புகளிடம் நின்றார்.
ஒவ்வொன்றாக, வயது உட்பட, படித்தார்.
மருந்துக்கடை தாண்டிக் குனிந்தார்,
காலணிக் கயிறு கட்ட.
வெகுநேரம் கட்டினார்.

தாளின் அடியில் "குறிப்பு" என்றொரு கட்டம்.
ஒரே ஒரு வரிக்கு இடம்.
எழுதினேன்:
இவர் காலணியில் கயிறு கிடையாது.

மறுவாரம் ஒவியெதோவிலிருந்து
கணக்குப் பார்க்கும் பையன் போன் செய்தான்.
எல்லாம் ஏற்றியாகிவிட்டது, ஒரு சந்தேகம்தான்.
அந்த வரிக்கு
என்ன எண் போடட்டும்?