பதினான்கு சதுர மீட்டர்

வரவேற்பறைத் தரையில்
பெயின்ட்காரர்கள் ஒட்டும் மஞ்சள் நாடாவால்
அதெனில்சன் ஒரு செவ்வகம் போட்டான்.
"இதுதான் கப்பலில் நம் அறை.
பதினான்கு சதுர மீட்டர்."
சோபாவை நகர்த்தியதில்
இரண்டு வருடமாகத் தேடிய சீப்பும்
பாதி கடித்த நாய் பிஸ்கட்டும் கிடைத்தன.

மூலையில் சின்னக் கட்டம், குளியலறை.
உள்ளே நின்று தலை துவட்டிப் பார்த்தேன்.
முழங்கை கோட்டைத் தாண்டியது.
"அம்மா, பக்கத்து ரூம்காரரை இடிச்சிட்டே" என்றான் தாலெஸ்.
பக்கத்து ரூம்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஜன்னல் கிடையாது. ஜன்னலுக்குத் தனி விலை.
தாலெஸ் ஒரு தாளில் வட்டம் வரைந்து
நீலம் தீட்டிச் சுவரில் ஒட்டினான்.
கடல் இல்லாத மாநிலத்தில் பிறந்தவன்,
மினாஸின் மலைகளை மட்டும் பார்த்தவன்.
அவனுடைய அலைகள்
எங்கள் தெருவுக்குப் பின்னாலிருக்கும் குன்றுகள் மாதிரி
அசையாமல் நின்றன.

பத்துத் தவணையில் ஆறு கட்டியாயிற்று.
திரும்பி வந்த பிறகும் சில மாதம்
வங்கிக் கணக்கில் கப்பல் மிதந்துகொண்டிருக்கும்.
கொண்டுவரக்கூடாதவை என்று ஒரு பட்டியல்:
இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, கெட்டில்.
காப்பி வடிக்கும் துணிப்பையைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.
காலுறைக்குள் சுருட்டி வைத்துவிட்டேன்.

கடைசி இரவு விருந்துக்கு
எல்லோரும் வெள்ளையில் வர வேண்டுமாம்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
நாளெல்லாம் வெள்ளையோடு மல்லுக்கட்டுகிறவளிடம்
இதைச் சொல்கிறார்கள்.

சாந்தோஸ் துறைமுகம் வரை ராத்திரி பஸ்.
வளைவு வந்தாலே வாந்தியெடுக்கும் ரையானிக்கு
மாத்திரை வாங்கியாயிற்று, இரண்டு அட்டை.
பதினைந்து வயது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"நடுக்கடலில் சிக்னல் வருமா?"

எனக்கு நீச்சல் தெரியாது. அதற்குப் பயமில்லை.
என் பயம் வேறு.

ஒன்பது வருடமாக அவனுக்கு பேக்கரியில் இரவு வேலை.
காலை ஆறு மணிக்கு மாவு வாசனையோடு வருவான்,
ஆறேகாலுக்கு நான் கிளம்புவேன்.
நான் எழுந்த சூட்டில் அவன் படுப்பான்.
விடுமுறை புதன்கிழமையிலும் உறக்கம் வராமல்
ஒலியைக் குறைத்துவைத்துப் பழைய பந்தாட்டம் பார்ப்பான்.
இரண்டு பிள்ளைகள் எங்களுக்கு.
ஆனால் இவன் குறட்டை விடுவானா என்று கேட்டால்
ரையானியிடம்தான் கேட்க வேண்டும்.
நான் தூக்கத்தில் பேசுவேனோ என்னவோ,
சொல்ல ஆளில்லை.

இனி ஏழு இரவு
ஒரே நேரத்தில் விளக்கை அணைப்போம்.

போன புதன் ஒத்திகை.
மெத்தைகளை இழுத்துவந்து கோட்டுக்குள் போட்டோம்.
மேல் கட்டிலுக்காகச் சண்டை,
மேல் கட்டில் என்று ஒன்று இல்லாமலேயே.
நாயை வெளியே துரத்தினோம்,
அதற்குக் கோடு புரியவில்லை.

மூன்று மணி இருக்கும்.
விழித்துப் பார்த்தால் பக்கத்தில் அவன்,
வாய் திறந்து, ஆழ்ந்த உறக்கம்.
கைகள் மட்டும் வேலைக்குப் போயிருந்தன.
போர்வையை மடித்து, அழுத்தி, திருப்பி,
மறுபடி மடித்து.
போர்வை தீர்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
பிசைந்தான்.
நான் கையை எடுக்கவில்லை.
இத்தனை வருடம் இந்த ஊர் தின்ற ரொட்டியெல்லாம்
இப்படித்தான் ஆகியிருக்கும் போல.

காலையில் ஒன்றும் சொல்லவில்லை.
மணிக்கட்டு கொஞ்சம் சிவந்திருந்தது,
சலவைக்கூடத்தில் ஜுராசி கேட்டாள்,
சோடா பட்டது என்றேன்.

நாடா இன்னும் தரையில் இருக்கிறது.
சுற்றிப் பெருக்குகிறேன்.
நேற்று தாலெஸ் நடுவில் நின்று கேட்டான்:
"இதுக்குக் கதவு எங்கே?"
யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.
வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில்
அதெனில்சன் ஷூவோடு மண்டியிட்டு
இரண்டடி நாடாவை உரித்தெடுத்தான்.
உரித்ததை என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

இன்னும் இருபத்துமூன்று நாள்.
ரையானிக்குச் செருப்பு வாங்க வேண்டும்.