ஒற்றைப்படை

லியெபாயாவில் காற்றுக்குத்தான் முதல் உரிமை.
என் பெயர் நாளுக்கென்று
பல் ஆய்வகத்தில் கொடுத்தனுப்பிய ஏழு துலிப்பில்
ஒன்றின் தலையை
டிராம் நிறுத்தத்திலேயே கொய்துகொண்டது.
மிச்சம் ஆறு பூ, ஒரு மொட்டைக் காம்பு.

இங்கே ஒற்றைப்படை உயிரோடிருப்பவர்க்கு,
இரட்டைப்படை கல்லறைக்கு.
பூக்காரி விரல்விட்டு எண்ணித்தான் கட்டுவாள்.
நான் நம்புவதில்லை.
ஆனாலும் ஆறையும் சாடியில் வைத்ததும்
சமையலறை சற்றுக் குரல் தாழ்த்திக்கொண்டது.

சரி, படமாவது எடுப்போம்.

ஜனவரி. நாலரைக்கே இருட்டு.
இருட்டை மட்டும் இந்த ஊரில்
காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.
நாற்காலி முதுகில் இல்க்வார்ஸின் பழைய சீருடைக் கோட்டு,
டிராம் ஓட்டி ஓட்டி முழங்கை தேய்ந்த கறுப்பு:
அதுதான் பின்புலம்.
பித்தளைப் பொத்தான் ஒன்று நிலாவாகப் பார்த்தது;
காகிதம் ஒட்டி அடக்கினேன்.
மாவுப் பொட்டலத்தின் மேல் கேமரா.

முதலில் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்தேன்.
அந்த வெளிச்சத்தில் பூக்கள்
விலைபோகாத மீன் மாதிரி கிடந்தன.
மூடினேன்.
பிறகு கைவிளக்கின் வாயில்
சாக்லேட் சுற்றிய சிவப்புத் தாள்.
வேண்டாம், மதுக்கடை வாசல்.

பையில் ஆய்வகத்தின் நீல விளக்கு இருந்தது,
பிசினை இருபது நொடியில் பல்லாக்கும் விளக்கு.
(திங்களன்று திருப்பி வைத்துவிடுவேன்.)
கேமராவின் கண்ணை முப்பது நொடி திறந்துவிட்டு
இருட்டுக்குள் நடந்தேன்,
காம்புகளின் பின்னால் நீலத்தைத் தடவிக்கொண்டே,
மூச்சைப் பிடித்துக்கொண்டு:
இதழுக்கு என் மூச்சும் காற்றுதானே.

பதினெட்டு, பத்தொன்பது...
சாவி திரும்பியது.

மாடிப்படியின் மஞ்சள் வெளிச்சத்தை முதுகில் சுமந்து
அவன்.
"கதவு!" என்றேன்.
மூடவில்லை. நாற்காலியைப் பிடித்தபடி
ஒற்றைக் காலில் நின்று
பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
சாடியை எண்ணிவிட்டு நிமிர்ந்தான்.
"யார் செத்தது?"
"என் படம்."

திரையில் வந்து நின்றது.
நீலக் கரை கட்டிய ஆறு துலிப்.
கோட்டின் தோளுக்கு மேலே, வலது ஓரம்,
சிவப்பாய், மெலிசாய், நரம்போடிய ஒன்று
பின்னாலிருந்து வெளிச்சம் புகுந்து
எரிந்துகொண்டிருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
காது.
பணிமனையிலிருந்து தொப்பியில்லாமல் நடந்துவந்த
இல்க்வார்ஸின் விறைத்த காது.

மாலை முழுக்க மல்லாடியும்
ஓர் இதழுக்குக்கூட வராத வெளிச்சம்.
அழிக்கும் பொத்தானுக்கு மேலே போன விரலை
மடக்கிக்கொண்டேன்.

"என் பொத்தானில் யார் காகிதம் ஒட்டியது?"
என்று அடுப்படியிலிருந்து சத்தம்.
சூப் சூடாகும் வாசனை.

நான் பதில் சொல்லவில்லை.
இடமிருந்து வலமாக,
பூக்காரியைப் போலவே விரல்விட்டு,
இன்னொரு தரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.