பன்னிரண்டில் ஐந்து போனால்

அட்டவணையில் புதிதாக ஒட்டிய சீட்டு:
புதன், மூன்றாம் பீரியட், சமாதானம்,
முப்பத்தைந்து நிமிடம்.
பசை இன்னும் காயவில்லை.
ஓரத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

நைரோபியிலிருந்து வந்த கையேடு
பிள்ளைகளை வட்டமாக உட்காரவை என்றது.
எங்கள் பெஞ்சுகளுக்குக் கால்கள் சிமென்ட்டில்.
போன கலவரத்தில் யாரோ தூக்கிப்போய்
விறகாக்கிவிட்டதால் இந்த ஏற்பாடு.
குடைவேலத்தின் அடிக்குப் போனோம்.
நாற்பத்தொரு பேர்.
எப்படிச் சுற்றி உட்கார்ந்தாலும்
அந்தப் பக்கம் போக்கொட், இந்தப் பக்கம் மரக்குவெட்,
நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் மண்.
கெரியோ ஆறு எங்களுக்கு முன்பே வந்து
அங்கே படுத்திருந்தது.

கோபத்துக்கு என்ன நிறம், கேட்கச் சொன்னது கையேடு.
கேட்டேன்.
"பசிக்குது டீச்சர்" என்றான் கிசாங்.
மற்றவர்கள் எறும்பைப் பார்த்தார்கள்.
பதிவேட்டில் "நடத்தப்பட்டது" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

நான் மரக்குவெட். அதையும் சொல்லிவிட வேண்டும்.
என் அண்ணனின் தோளில் ஒரு குண்டு
இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது.
மழை வருவதை
வானொலிக்கு முன்னால் அது சொல்லும்.

மறுநாள் கணக்கு. கழித்தல்.
பத்து வருடப் பழக்கத்தில், கை தானாக எழுதியது:
லோபெயோக்கின் அப்பாவிடம் பன்னிரண்டு மாடுகள்.
ஐந்து திருட்டுப் போயின. மீதி எத்தனை?

ஏழு, என்றது முன்வரிசை.
லோபெயோக் எழுந்து நின்றான்.
"பன்னிரண்டு."
விரல் விட்டு எண்ணு என்றேன்.
"எண்ணிட்டேன். அப்பா ராத்திரியே போய்
அஞ்சையும் ஓட்டிட்டு வந்துருவார்."
பின்னாலிருந்து யாட்டோர், கைகூடத் தூக்காமல்:
"பத்தொன்பது டீச்சர்.
போறவங்க வெறும் அஞ்சோடயா திரும்புவாங்க?"
இரண்டு பக்கமும் சிரித்தது.
ஒரே சிரிப்பு இல்லை.

செப்புராய் மட்டும் கணக்கை முழுசாகப் போட்டிருந்தாள்.
நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.
மாடு, பத்தொன்பது.
அதற்குக் கீழே, அப்பா, பூஜ்யம்.
"ரெண்டுல எது விடை டீச்சர்?
எதுக்கு அடியில ரெட்டைக் கோடு போடணும்?"

என்னிடம் கையேடு இருந்தது.
அதில் இந்தப் பக்கம் இல்லை.
டஸ்டரை எடுத்தேன். "திருட்டுப் போயின" அழிந்தது.
அந்த ஈரமான இடத்தில் எழுதினேன்:
"விற்றார்."

ஒரு நிமிடம் வகுப்பு யோசித்தது.
"எவ்வளவுக்கு?" என்றான் கிசாங்.
"நாப்பதாயிரம் ஷில்லிங். ஒண்ணு."
"நாப்பதா! பல்லு பாத்தியா? கிழடு."
"நீ வந்து பாரு பல்ல."
பெஞ்சுகள் நகராது. பிள்ளைகள் நகர்ந்தார்கள்.
ஒருவன் மாடாகக் குனிந்தான்.
ஒருத்தி வாயைத் திறந்து பல்லை எண்ணினாள்.
யாட்டோர் அதன் முதுகில் தட்டி
முப்பதுக்கு மேல் ஒரு சல்லி தரமாட்டேன் என்றான்.
எவன் எந்தக் கரை என்று
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை,
எல்லாரும் தரகர்கள்.
பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து
ஜன்னலில் நின்றுவிட்டுப் போனார்.
சண்டை என்று நினைத்திருப்பார்.
நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

முப்பத்தைந்தில் படிந்தது.
லாரிச் சக்கர வளையத்தில் மணி அடித்தார்கள்.
அப்போது லோபெயோக்,
"நாலுதான் விப்போம்.
வெள்ளைக் கொம்பை விக்க மாட்டோம்.
அது எங்கூடத்தான் வளந்துச்சு" என்றான்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
மாட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் எட்டு.
கரும்பலகையில் எழுதினேன்.
செப்புராய் பூஜ்யத்தை ரப்பரால் தேய்த்தாள்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.
எட்டுக்கு அடியில் ஒரு கோடு போட்டாள்.
இரண்டாவது கோட்டுக்கு
பென்சிலைத் தாளில் ஊன்றியபடி
என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.