கதவு

ஏழு சனிக்கிழமைகள்.
செங்கலடிச் சந்தி, கூட்டுறவுச் சங்கத்தின் மேல்மாடி.
செருப்பைப் படியில் விட்டு
கைப்பேசியை அரிசிச் சாக்குக்குள் போட்டுவிட்டு
வரச் சொன்னான் நிலுக்சன்.
பயிற்சியாளன். என்னைவிட இரண்டு வயது இளையவன்.

முதல் நாள் வெறுமனே நடக்க வேண்டும்,
யாரையும் முட்டாமல், யாருக்கும் பின்னால் போகாமல்.
பதினாறு பேர் மண்டபம் முழுக்கத் திரிந்தோம்.
நான் மட்டும் நேராகப் போய்
சுவரில் திரும்பி நேராக வந்தேன்.
கார்மெண்ட்ஸில் நாலு வருசம்
மெஷின் வரிசைகளின் இடுக்கில் நடந்த கால்கள்.
"எங்க போறீங்க அக்கா?"
தெரியாது என்றேன்.
"அதான் வேணும்" என்றான்.

பிறகு குரல்.
அடிவயிற்றிலிருந்து எடுத்து
எதிர்ச்சுவரில் வைக்க வேண்டுமாம்.
ஏறாவூர் சஃப்ரினா வைத்தாள்;
ஜன்னல் கம்பியில் இருந்த காகம் எழும்பிப் போயிற்று.
என்னுடையது உதட்டைத் தாண்டவில்லை.
மெஷின் ஓடும்போது வாயை அசைத்துத்தான் பேசுவோம்.
தண்ணி. ஊசி உடைஞ்சிட்டு. சூப்பர்வைசர் வாறார்.
ஒன்றுக்கும் சத்தம் தேவைப்பட்டதில்லை.

அப்படித்தான் எனக்குக் கதவு கிடைத்தது.

வசனம் இல்லை.
மூன்று தட்டு.
மூன்றாவதில் இடது தோளைக் கீலாக வைத்துத்
திரும்ப வேண்டும்.
தட்டுகிறவன் கஜரூபன், ஃபோன் திருத்துகிற பொடியன்,
கறுத்தச் சப்பாத்து இரவல் வாங்கியிருந்தான்.
நான் திறந்தால் உள்ளே வருவான்.
உள்ளே ஐங்கரன் சோற்றுக் கோப்பையோடு இருப்பான்.
அதன் பிறகு ஐங்கரன் இருக்கமாட்டான்.
பதினெட்டு நிமிடம். அவ்வளவுதான் கதை.

நான் கதவுகளைப் பார்க்கத் தொடங்கினேன்.
பெருமூச்சு விட்டு மடிகிற பஸ் கதவு.
விரல் வைத்தால் மட்டும் இணங்குகிற கம்பெனிக் கதவு.
கழிவறைக் கதவில் யாரோ ஊசியால் கீறிய பெயர்.
ஒத்திகையில் பல்லிடுக்கால் ஒரு 'கிரீச்' கூட வைத்தேன்,
எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன்.
மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.
"முன் கதவா, பின் கதவா?" என்று கேட்டாள்.
முன் கதவு என்றேன்.
செதில் தெறித்த கையைக் கழுவ எழும்பினாள்,
வேறொன்றும் கேட்கவில்லை.

நாடகம் அன்று பாடசாலை மண்டபத்தில்.
வாங்குகள் போதாமல் பிள்ளைகள் தரையில்.
முதல் தட்டு. இரண்டாவது.
மூன்றாவது என் நெஞ்சாங்கூட்டில் விழுந்தது.

நான் திரும்பவில்லை.

இன்னொரு முறை தட்டினான்.
"அக்கா, திறங்க" என்றான் காற்றாக.
அவன் நெற்றி வியர்வை என் கழுத்தருகே.
முதுகுக்குப் பின்னால் ஐங்கரன்
இல்லாத சோற்றை இரண்டாம் தரம் பிசைந்தான்.
பக்கவாட்டில் கையை ஆட்டிய நிலுக்சன்
கொஞ்ச நேரத்தில் கையைக் கீழே போட்டுவிட்டான்.
தரையில் இருந்த ஒரு பிள்ளை
"அம்மா, கதவு பூட்டிக் கிடக்கு" என்றது உரத்து.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கஜரூபனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
வாசலில் குந்தினான்,
கடித்த சப்பாத்தில் ஒன்றைக் கழற்றினான்,
குதிகாலைத் தடவினான்.
ஐங்கரன் சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவினான்.
லைட்காரன் தானாகவே இருட்டாக்கினான்.

அடுத்த சனி
நாடகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று இரண்டு பேர்.
ஒரு தரமாவது கெடட்டும் என்று சஃப்ரினா.
கஜரூபன் குதிகாலில் பிளாஸ்டரோடு வந்திருந்தான்,
என் பக்கம் பார்க்கவில்லை.
பிறகு பாதித் தேத்தண்ணீரை எனக்கு நீட்டினான்.

"ஏன் திறக்கல்ல?" என்று நிலுக்சன்.
தெரியாது.
இந்த முறை 'அதான் வேணும்' என்று அவன் சொல்லவில்லை.
வருகிற மாதம் வந்தாறுமூலையில் போடுகிறோம்,
அங்கே கட்டாயம் திறக்க வேண்டும் என்றான்,
எழுதிய தாளைச் சுருட்டியபடி.

சாக்குக்குள் கையை விட்டு
என் ஃபோனைத் தேடிக்கொண்டே
"பாப்பம்" என்றேன்.

எதிர்ச்சுவரில் பட்டு அது திரும்பி வந்ததும்
எல்லாரும் நிமிர்ந்தார்கள்.
நானும்தான்.